கோபன்ஹேகனில் வணிகமும் தகவல்தொடர்பும் படித்தது பற்றி

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, வணிக நிர்வாகத்தோடு தகவல்தொடர்பையும் சேர்த்து எதற்காகப் படிக்க வேண்டும் என்பதுதான். நிதி, கணக்கியல், சந்தைப்படுத்தல் ஆகியவற்றைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. தகவல்தொடர்பு என்றால் நல்ல ஆங்கிலம், மேடையில் தயக்கமில்லாத பேச்சு, கண்ணைக் கவரும் பவர்பாயின்ட் ஆகியவைதாம் அவர்கள் மனத்தில் வருகின்றன. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இவ்விரண்டையும் சேர்த்து முதுகலை படித்தவள் என்ற முறையில், அந்தப் படிப்பின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்று நான் நினைக்கிறேனோ அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒரு நிறுவனம் ஊரறியச் சொல்லிவிட்ட சொல், கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்ட கடனைப் போன்றது. அதை யார், எதைக் கொண்டு, எப்போது தீர்க்கப்போகிறார்கள் என்று கேட்கவும், அந்தக் கேள்வி தன்னை நோக்கி வரும்போது பதில் சொல்லவும் பழகுவதையே நான் அங்கே தகவல்தொடர்பு என்று கற்றேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கோபன்ஹேகன் பிசினஸ் ஸ்கூல் 1917இல், வணிகக் கல்வியை வளர்ப்பதற்கென்றே இயங்கிய ஒரு சங்கத்தால் தொடங்கப்பட்டு, 1965இல் அரசின் உயர்கல்வி அமைப்பில் சேர்ந்தது. அதன் வளாகம் இருப்பது பிரடெரிக்ஸ்பெர்க்கில். நாற்புறமும் கோபன்ஹேகன் சூழ்ந்திருந்தாலும் பிரடெரிக்ஸ்பெர்க் இன்றும் தனி நகராட்சியாகவே இருக்கிறது. மெட்ரோவில் வந்து இறங்கினால் சில நிமிட நடையில் சோல்பியர் பிளாட்ஸ் என்னும் முதன்மைக் கட்டடம் வந்துவிடும். வகுப்புகள் சில, பழைய அரசப் பீங்கான் தொழிற்சாலை இருந்த இடத்திலும் நடந்தன. வணிகத்தையும் மொழியையும் ஒரே கூரையின் கீழ்க் கற்பித்தது இந்தப் பள்ளிக்குப் பழைய மரபு. உள்நாட்டுச் சந்தை சிறியதாக இருக்கும் நாட்டில் வெண்ணெயையும் பன்றி இறைச்சியையும் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் விற்றாக வேண்டும் என்பதால், அயல்மொழிகளில் வணிகக் கடிதம் எழுதுவதற்கென்றே அங்கே தனிப் படிப்பு இருந்தது. இன்றைய தகவல்தொடர்புப் பாடங்கள் அந்த வேரிலிருந்து வந்தவை.

என் சிந்தனையை மாற்றிய வகுப்பு, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பைப் பற்றியது. ஒரு நிறுவனம் தான் இன்னும் செய்து முடிக்காத ஒன்றைச் செய்வதாகச் சொன்னால் அது பொய்யா? எங்கள் ஊரில் வளர்ந்த எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் வெளிப்படையானதாகவே தோன்றியது. செய்துவிட்டுச் சொல்ல வேண்டும். செய்யாமல் சொல்வது வெறும் வாய்ப்பந்தல். ஆனால் லார்ஸ் தோகர் கிறிஸ்டென்சன், மெட்டே மோர்சிங், ஓலே தைசன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2013இல் முன்வைத்த கருத்து வேறு திசையில் போகிறது. இன்றைய நடைமுறையை மிஞ்சி நிற்கும் இலட்சியப் பேச்சுக்கு ஒரு பயன் உண்டு. ஊரறியச் சொன்ன அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் செய்தியாளர்களும் நிறுவனத்தை அதன் பக்கம் இழுத்துச் செல்ல முடியும் என்கிறார்கள் அவர்கள். அதனால், சொல்லுக்கும் செயலுக்கும் இடையில் இடைவெளி இருக்கிறது என்பதற்காக மட்டுமே ஒரு நிறுவனத்தைக் கண்டித்தால், நாளடைவில் எல்லா நிறுவனங்களும் பாதுகாப்பான மௌனத்துக்குள் போய்விடும் என்பது அவர்களின் கவலை. இந்தக் கருத்தை நான் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் இதை எதிர்த்து வாதிட வேண்டுமானால் சொல் எப்படி வேலை செய்கிறது என்று படித்தாக வேண்டியிருந்தது.

அதற்கு டென்மார்க்கிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. டாங் எனர்ஜி என்பது அரசுப் பங்கு கொண்ட எண்ணெய், எரிவாயு, மின்சார நிறுவனம். 2009 வாக்கில் அதன் மின் உற்பத்தியில் ஏறத்தாழ 85 சதவீதம் நிலக்கரி முதலான புதைபடிவ எரிபொருள்களிலிருந்தும் 15 சதவீதம் மட்டுமே புதுப்பிக்கத்தக்க ஆதாரங்களிலிருந்தும் வந்தது. அந்த ஆண்டு கோபன்ஹேகனில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்தது; அதே காலத்தில் நிறுவனம், ஒரு தலைமுறைக்குள், அதாவது 2040க்குள், இந்த விகிதத்தைத் தலைகீழாக்குவோம் என்று அறிவித்தது. அறிவித்த நாளில் அது வெறும் பேச்சுதான். ஆனால் கடலில் காற்றாலை அமைக்கும் அனுபவம் அவர்களிடம் முன்பே இருந்தது; 1991இல் விண்டபீ கடற்பரப்பில் 11 காற்றாலைகளோடு உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையை அமைத்தவர்கள் அந்நிறுவனத்தின் முன்னோடிகள். அந்த அனுபவத்தின் மேல் முதலீடுகளை அடுக்கி, எண்ணெய் எரிவாயுத் தொழிலை 2017இல் விற்று, அதே ஆண்டில் ஆயர்ஸ்டெட் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். பள்ளியில் இயற்பியல் படித்த யாருக்கும் தெரிந்த பெயர் அது: மின்னோட்டத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள தொடர்பை 1820இல் கண்டறிந்த டேனிய அறிவியலாளர். 85க்கு 15 என்ற விகிதம் 2019இலேயே தலைகீழானது, குறித்த காலக்கெடுவுக்கு இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன்பாக.

இதை வெற்றிக் கதையாகச் சொல்லிவிட்டு எங்கள் ஆசிரியர் நிறுத்தியிருந்தால் அது விளம்பரப் பாடமாகப் போயிருக்கும். பெயர் மாற்றத்தை எதிர்த்து அந்த அறிவியலாளரின் குடும்பப் பெயரைத் தாங்கிய வழித்தோன்றல்கள் நீதிமன்றம் போனதையும் அவர்கள் தோற்றதையும் படித்தோம். 2023க்குள் நிலக்கரியைக் கைவிடுவதாகச் சொன்ன அதே நிறுவனம், உக்ரைன் போரை அடுத்து வந்த எரிசக்தி நெருக்கடியில் அரசின் உத்தரவின் பேரில் சில நிலையங்களைத் தொடர்ந்து இயக்க வேண்டிவந்தது. 2023இல் அமெரிக்காவில் ஓஷன் விண்ட் என்னும் கடல் காற்றாலைத் திட்டங்களை அது கைவிட்டபோது, அந்தச் செய்தியை அவர்கள் எப்படி அறிவித்தார்கள் என்பதை நான் படிப்பு முடிந்த பின்பும் வரி வரியாக வாசித்தேன். வாக்குறுதி தந்தவர் அதை மாற்ற நேரும் நாளில் பயன்படுத்தும் சொற்களில்தான் அவருடைய உண்மையான குணம் தெரிகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எதிர்த்தட்டில் வைத்துப் பார்த்தது டேனிஷ் கிரவுன் வழக்கு. பண்ணையாளர்களுக்குச் சொந்தமான இந்த மாபெரும் இறைச்சிக் கூட்டுறவு நிறுவனம், தன் பன்றி இறைச்சிப் பொட்டலங்களில் இளஞ்சிவப்பு வில்லைகளை ஒட்டி, இது காலநிலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பன்றி என்று விளம்பரம் செய்தது. சைவ உணவாளர் சங்கமும் ஒரு காலநிலை இயக்கமும் 2021இல் வழக்குத் தொடுத்தன. நான் படித்த காலத்தில் அது நிலுவையில் இருந்ததால், எங்கள் வகுப்பு அதை இரு தரப்பாகப் பிரிந்து வாதிட்டது. பண்ணைகள் தங்களுக்கென உமிழ்வுக் குறைப்பு இலக்குகளை வைத்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்வதில் என்ன தவறு என்றது ஒரு தரப்பு. கடையில் குளிர்பெட்டியின் முன் நின்று ஒரு நொடியில் முடிவெடுக்கும் வாடிக்கையாளர் அந்த வில்லையைப் பார்த்து என்ன புரிந்துகொள்வார் என்று கேட்டது மறு தரப்பு. 2024 மார்ச்சில் மேற்குப் பகுதி உயர் நீதிமன்றம், அந்த வில்லை வாசகம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துகிறது என்று தீர்ப்பளித்தது. அதே வழக்கில் இருந்த இன்னொரு விளம்பர வாசகத்தை, டேனியப் பன்றி நீங்கள் நினைப்பதைவிடக் காலநிலைக்கு உகந்தது என்ற வாசகத்தை, நீதிமன்றம் தவறென்று சொல்லவில்லை. இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கட்டுப்பாடு, சோதனை, சான்று ஆகியவற்றைத் தன் சொல்லுக்குள் மறைமுகமாகக் கொண்டுவருகிறது. மற்றொன்று வெறும் ஒப்பீடு. தகவல்தொடர்பு படிப்பவர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இந்த அளவுக்கு நுட்பமானது.

இவற்றோடு சேர்த்து ஒரு சட்டத்தையும் படித்தோம். 2009 நிதியாண்டு முதல் டென்மார்க்கின் பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கையில் சமூகப் பொறுப்பைப் பற்றி எழுதியாக வேண்டும்: கொள்கை என்ன, அதை நடைமுறைக்கு எப்படிக் கொண்டுவந்தார்கள், என்ன பலன் கிடைத்தது. கொள்கையே இல்லை என்றால் இல்லை என்பதையாவது எழுத வேண்டும். நற்செயல் செய்யும்படி இந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, பேசும்படி மட்டும் கட்டாயப்படுத்தியது. பேசச் செய்தாலே போதுமா என்று முதலில் எனக்கு ஐயமாக இருந்தது. ஆனால் ஒரு நிறுவனத்தின் அறிக்கைகளை ஆண்டு வரிசையில் அடுக்கி, சென்ற ஆண்டு சொன்ன இலக்கு இந்த ஆண்டு எந்தப் பக்கத்தில் காணாமல் போயிருக்கிறது என்று தேடும் பயிற்சியைச் செய்தபோது, எழுதி வைக்கப்பட்ட சொல்லுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பது புரிந்தது. தகவல்தொடர்பைத் தனியாகப் படித்திருந்தால் எனக்கு அந்த அறிக்கையின் மொழி மட்டுமே தெரிந்திருக்கும். நிதிநிலை அறிக்கையையும் வாசிக்கத் தெரிந்ததால்தான், புகழ்ந்து எழுதப்பட்ட திட்டத்துக்கு முதலீட்டில் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று பார்க்க முடிந்தது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதன் பயன் இதுதான் என்பேன்.

கற்பித்த முறையில் என்னை மிகவும் செதுக்கியது தேர்வு. முதுகலை என்பது இரண்டு ஆண்டுகள்; படிப்பின் பளுவை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் அளக்கும் ஈ.சி.டி.எஸ். முறையில் 120 புள்ளிகள், ஒரு பருவத்துக்கு 30. ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ இருபத்தேழரை மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பறையில் உட்காரும் நேரம் அதில் சிறு பகுதியே, மற்றது வாசிப்பும் குழுப்பணியும். பருவத்தின் இறுதியில் நான்கைந்து பேர் சேர்ந்து எழுதிய புராஜெக்டைக் கொடுத்துவிட்டு, தேர்வாளர்களின் கேள்விகளுக்கு அதை நியாயப்படுத்தி வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். நம்மூர் வைவாவில் பெரும்பாலும் வரையறையைக் கேட்பார்கள். அங்கே நாம் எழுதியதையே எடுத்து நம் முன் வைப்பார்கள். அறையில் பாடம் நடத்திய ஆசிரியரும் வெளியிலிருந்து வந்த புறத்தேர்வாளரும் இருப்பார்கள். நேரம் இருபது நிமிடம், அதில் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் நேரமும் அடக்கம்.

ஒரு தேர்வு இன்னும் கண்முன் நிற்கிறது. புறத்தேர்வாளர் எங்கள் அறிக்கையில் ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் இந்த நிறுவனத்தை நம்புகிறார்கள் என்பது அந்த வரி. எந்த வாடிக்கையாளர்கள், எந்த நாட்டில், எதற்காக நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை குறைந்தால் எந்த எண்ணில் தெரியும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். குரலில் கடுமை இல்லை, அறிந்துகொள்ளும் ஆர்வமே இருந்தது. எங்கள் நேர்காணல் குறிப்புகளிலிருந்து இரண்டு பதில்களை நான் எடுத்துச் சொன்னதும், அவற்றிலிருந்து எவ்வளவு தூரம் பொதுமைப்படுத்தலாம் என்ற அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு இருவரும் கலந்து பேசினார்கள். நடைபாதையில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்குப் பின் உள்ளே அழைத்து, மதிப்பெண்ணையும் அதற்கான காரணத்தையும் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். டேனிய மதிப்பெண் முறை 2007 முதல் ஏழு படிகள் கொண்டது: 12, 10, 7, 4, 02, 00, கடைசியாக மைனஸ் 3. அதில் என்ன கிடைத்தது என்பதைவிட, ஏன் கிடைத்தது என்று உடனுக்குடன் கேட்க முடிந்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். தேர்வாளரும் தன் முடிவுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற எண்ணம், நிறுவனங்களிடம் நாங்கள் கேட்கக் கற்ற பொறுப்போடு முற்றிலும் ஒத்துப்போனது.

பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பது பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். சார் என்றும் மேடம் என்றும் பழகிய நாவுக்கு அது தொடக்கத்தில் கூச்சமாக இருக்கும், சில வாரங்களில் போய்விடும். அதைவிடக் கடினமானது, பெயர் சொல்லி அழைக்கும் அந்த மனிதரின் கருத்தை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் மறுத்துப் பேசுவது. அதை அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தால் நாம் வாசித்துவிட்டு வரவில்லை என்றே எண்ணுவார்கள்.

நான் படித்தபோது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்கள் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். அங்கே மாணவர் வேலை என்றால் உணவகத்தில் தட்டு எடுப்பது மட்டும் அல்ல. படிப்போடு தொடர்புள்ள அலுவலகத்தில் பகுதிநேரமாகச் சேர்வது பொதுவான வழக்கம், பின்னாளில் முழுநேர வேலைக்கு அதுவே வாசலாகிறது. நான் சேர்ந்த இடத்தில் ஒரு சமயம் சரக்கு அனுப்புவது தாமதமாகி, வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு எழுத வேண்டியிருந்தது. சிரமத்துக்கு வருந்துகிறோம் என்ற வழக்கமான வாக்கியத்தை யாரும் எழுதத் தொடங்கும் முன்பே எங்கள் பிரிவின் தலைவி கிடங்குக்குத் தொலைபேசி செய்யச் சொன்னார். எந்தப் பாகம் வரவில்லை, எந்தக் கப்பலில் இருக்கிறது, எந்தத் தேதிக்கு முன் உறுதியாக வராது என்று மூன்று தகவல்களையும் பெற்ற பின்னரே எழுதினோம். அறிவிப்பின் முதல் வரியிலேயே தேதி இருந்தது. மன்னிப்பு அதற்குப் பின் ஒரே வாக்கியம். அடுத்த அறிவிப்பு எந்த நாளில் வரும் என்று கடைசி வரி சொன்னது. வகுப்பில் நெருக்கடித் தகவல்தொடர்பு என்ற தலைப்பில் பல வாரங்கள் படித்ததை அந்த ஆறேழு வரிகளில் கண்டேன்.

பண்பாடுகளுக்கிடையிலான தகவல்தொடர்பு என்ற பாடத்தில், சொல்லப்படும் பொருளும் அது எழுதப்படும் ஊடகமும் பெறுபவருக்கு என்ன மதிப்பை உணர்த்துகின்றன என்று பேசியபோது, ஒரு காலத்தில் டேனியர்களின் வணிகத்தலமாக இருந்த நம் தரங்கம்பாடி எனக்கு நினைவுக்கு வந்தது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அனுப்பிய தமிழ்க் கடிதம் பொன்னேட்டில் எழுதப்பட்டது. அது இன்றும் கோபன்ஹேகனில் டேனிய தேசிய ஆவணக் காப்பகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. வணிக உறவின் தொடக்கத்தில் அனுப்பிய கடிதத்தைப் பொன்னில் எழுதியதன் மூலம், தமிழ் வாசிக்கத் தெரியாத மன்னருக்கும் அனுப்பியவரின் தகுதி புரியும்படி செய்திருக்கிறார்கள் என்று வகுப்பில் நான் சொன்னபோது, டேனிய மாணவர்களில் பலர் தரங்கம்பாடி என்ற பெயரையே அப்போதுதான் கேட்டார்கள். 1845இல் டேனியர்கள் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கிறிஸ்தியான்ஸ்ஹவ்னில் ஆசியச் சதுக்கம் என்ற பெயரில் இருக்கும் இடத்தில் ஆசியக் கம்பெனியின் பழைய கிடங்கு இன்றும் நிற்கிறது, அதை ஒட்டி வெளியுறவு அமைச்சகம் இயங்குகிறது. அங்கே படிக்கப் போகிற தமிழ் மாணவர் அந்தப் பக்கம் ஒருமுறை நடந்து வர வேண்டும் என்பது என் விருப்பம்.

செலவையும் குளிரையும் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நமக்குக் கல்விக் கட்டணம் உண்டு, ஐரோப்பிய மாணவர்களுக்கு இல்லை. அறை வாடகை மாதச் செலவின் பெரும்பகுதியை விழுங்கும். கல்லூரியில் இடம் உறுதியான அன்றே அறை தேடத் தொடங்க வேண்டும். டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்தான், ஜூனிலோ பதினேழு மணி நேரத்தைத் தாண்டும். மிதிவண்டி ஓட்டத் தெரிந்திருந்தால் நகரம் பாதி வசப்பட்டுவிடும்.

மொழியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முகவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆங்கிலத்திலேயே முழுப் படிப்பையும் முடித்துவிடலாம். கடையிலும் வங்கியிலும் மருத்துவரிடமும் ஆங்கிலம் போதும். ஆனால் தகவல்தொடர்புத் துறையில் வேலை என்பது மொழியில் செய்யும் வேலை. மருந்து நிறுவனமான நோவோ நார்டிஸ்க், கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் போன்ற உலகளாவிய நிறுவனங்களில் உள்தகவல்தொடர்பு, முதலீட்டாளர் தொடர்பு, நிலைத்தன்மை அறிக்கை போன்ற பணிகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. டேனியப் பத்திரிகையாளரின் அழைப்புக்குப் பதில் சொல்லும் வேலையோ, நகராட்சியோடும் தொழிற்சங்கத்தோடும் பேசும் வேலையோ டேனிஷ் தெரியாதவருக்குக் கிடைக்காது, கிடைக்கக் கூடாது என்பதும் நியாயமே. எழுத்தில் டேனிஷ் விரைவாகப் பிடிபடும். பேச்சில் பாதி எழுத்துகள் விழுங்கப்படுவதால் காது பழக ஆண்டுக்கணக்காகும். ஆகவே முதல் பருவத்திலேயே மாலை நேர வகுப்பில் சேருங்கள், இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு எழுதத் தொடங்கிவிட்டால் நேரம் இருக்காது. விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு பாடத்தின் விவரப் பக்கத்தையும் திறந்து, தேர்வு எழுத்திலா, வாய்மொழியிலா, தனியாகவா, குழுவாகவா என்று குறித்துக்கொள்ளுங்கள்; வாய்மொழித் தேர்வும் குழுப்பணியும் அதிகமாக இருக்கும் பாடத்திட்டத்தையே நான் பரிந்துரைப்பேன்.